அகராதிகள் ஏராளம், சொல்தரவு எங்கே?

இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ் அகராதி ஒன்றில் 'சென்றான்' என்று தட்டித் தேடிப் பாருங்கள். அநேகமாக ஒன்றும் கிடைக்காது. 'செல்' என்று கேட்டால்தான் பதில் வரும். 'கேட்டான்' வேண்டுமென்றால் 'கேள்', 'வெந்தது' வேண்டுமென்றால் 'வே', 'கற்றவர்' வேண்டுமென்றால் 'கல்' என்று தேட வேண்டும். தமிழ் தெரிந்தவருக்கு இது தடையே இல்லை. சென்றான் என்பது செல் என்ற வினையிலிருந்து வந்தது என்று அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். யாரும் சொல்லித் தந்திருக்கக்கூட மாட்டார்கள். அகராதியைத் திறப்பதற்கு முன்பே வாசகர் பாதி வேலையை மனத்துக்குள் முடித்துவிடுகிறார். அந்தப் பாதியை அச்சு அகராதிகள் எழுதவில்லை. எழுதியிருந்தால் காகிதம்தான் வீணாகியிருக்கும். கணினிக்கு வேண்டியதோ எழுதாமல் விட்ட அந்தப் பாதி.

தமிழில் மின்னகராதி என்று பேச்செடுத்தாலே 'எத்தனை லட்சம் சொற்கள்?' என்ற கேள்விதான் முதலில் வருகிறது. எண்ணிக்கையில் நமக்குக் குறை இல்லை. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் வந்தது. வேப்பேரியில் பெப்ரீசியஸ் அச்சிட்ட தமிழ்–ஆங்கில அகராதி 1779-ஐச் சேர்ந்தது. வின்சுலோ 1862-இல் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்துக் கொடுத்தார். எஸ். வையாபுரிப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் ஒரு பின்னிணைப்பாகவும் வெளிவந்தது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள். 1974-இல் தேவநேயப் பாவாணரைக் கொண்டு தொடங்கிய சொற்பிறப்பியல் பேரகரமுதலி தனி. இன்றைய எழுத்துத் தமிழுக்கென்றே க்ரியா பதிப்பகம் 1992-இல் ஓர் அகராதி கொண்டுவந்து, 2008-இலும் 2020-இலும் அதை விரித்துப் புதுப்பித்தது. இவற்றில் பல இன்று திரையில் படிக்கக் கிடைக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகம் பேரகராதி, வின்சுலோ, பெப்ரீசியஸ் எல்லாவற்றையும் தட்டெழுதித் தேடும் வசதியோடு பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும், கணினியில் ஒரு பத்தித் தமிழ் அடித்தால் சரியான சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு விழுகிறது. காரணம், அகராதியும் சொல்தரவும் ஒன்றில்லை. சொல்தரவு என்பது சொல்லைப் பற்றிய விவரங்களைக் கணினி கையாளும்படி கூறு கூறாகப் பிரித்து வைத்தது.

ஒரு நூலை வருடிப் படமாக்கினால் அது பார்க்க உதவும், தேட உதவாது. தட்டெழுதி எழுத்துருவாக்கினால் தேடலாம். ஆனால் கணினிக்கு அது இன்னும் நீண்ட ஒற்றை எழுத்துச்சரம்தான். பேரகராதியின் ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைச்சொல், உரோமன் எழுத்தில் அதன் ஒலிபெயர்ப்பு, இலக்கண வகை, கன்னடம் தெலுங்கு மலையாளத்தில் உள்ள இணைச்சொல், ஆங்கிலத்தில் பொருள், தமிழில் பொருள், ஒரு மேற்கோள், அடைப்புக்குறிக்குள் '(பிங்.)' என்று ஒரு சுருக்கம். நமக்கு இதில் எது எது என்று கண்ணால் பார்த்தவுடன் தெரிகிறது. சாய்வெழுத்தும் அடைப்புக்குறியும் வழிகாட்டுகின்றன. 'பிங்.' என்பது பிங்கல நிகண்டைக் குறிக்கும் நூற்பெயர், பொருளின் ஒரு பகுதி இல்லை என்று கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூறையும் பிரித்து, பெயரிட்டு, தனித்தனிப் புலத்தில் போட்டால்தான் மூன்றாம் நிலை வருகிறது. இதற்கென்று உலகத் தரங்களே உண்டு. சொல்வளக் குறியீட்டுக்கான ஐஎஸ்ஓ 24613 தரம் 2008-இல் வந்தது. தமிழ் நூல்களில் பெரும்பாலானவை முதல் நிலையிலோ இரண்டாம் நிலையிலோ நிற்கின்றன. மின்னூலாக்கம் முடிந்தது என்று அறிவிப்பு வரும்போது எந்த நிலையைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறிலும் ஆற்றிலும்

பேரகராதிக்காரர்கள் ஓர் இடத்தில் கணினிக்காகவே வேலை செய்ததுபோல் இருக்கிறது. வினைச்சொற்களுக்குப் பக்கத்தில் ஓர் எண் போட்டிருப்பார்கள். 'செய்-தல்' என்றால் 1, 'எழுது-தல்' என்றால் 5, 'நட-த்தல்' என்றால் 12. மொத்தம் பதின்மூன்று வகைகள். இறந்தகாலம் எப்படி வரும், எதிர்காலத்தில் 'வ்' வருமா 'ப்ப்' வருமா என்பது அந்த எண்ணிலேயே அடக்கம். 'படி' என்ற சொல்லை எடுத்தால் இதன் அருமை தெரியும். தூசு படிந்தது என்றால் 4-ஆம் வகை. பாடம் படித்தான் என்றால் 11-ஆம் வகை. அடைந்தான், அடைத்தான், சேர்ந்தான், சேர்த்தான், மறைந்தான், மறைத்தான் என்று தமிழில் இப்படி இணை இணையாக வினைகள் கிடக்கின்றன. வடிவத்தைப் பார்த்து மட்டும் எந்த வகை என்று சொல்ல முடியாது. சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தால்தான் உண்டு. க்ரியா எண்ணைத் தவிர்த்து, 'அடைய, அடைந்து' என்று இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் கொடுக்கும் வழியைப் பிடித்தது. வாசகருக்கு அதுதான் வசதி. கணினிக்கு இரண்டுமே சம்மதம்.

பெயர்ச்சொல்லுக்கு இந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. பெயர் என்று குறித்துவிட்டுப் போய்விட்டார்கள். 'ஆறிலும் சாவு, நூறிலும் சாவு' என்று ஒரு பழமொழி இருக்கிறது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டிலும் இருப்பது 'ஆறு' என்ற ஒரே வடிவந்தான். எண்ணாக இருந்தால் ஆறில். நதியாக இருந்தால் ஆற்றில். எழுத்துக் கூட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க எந்த நிரலாலும் முடியாது. இந்த ஆறு இப்படி வேற்றுமை ஏற்கும், அந்த ஆறு அப்படி ஏற்கும் என்று சொல்தரவில் இரண்டு தனிப் பதிவுகள் வேண்டும். வீடு வீட்டை என்று ஆகிறது. காது காதை என்றே நிற்கிறது. கடன் வாங்கிய சொற்கள் இந்தக் கூத்தில் இன்னும் சுவாரசியம். ரோடு என்பது ரோட்டில் என்று முழுத் தமிழ்ச் சொல்லாக மாறிவிட்டது. கார்டு கார்டில் என்றுதான் நிற்கிறது. நிரல் எழுதும் இளைஞர்கள் 'கோடில் பிழை' என்கிறார்கள். அதையே 'கோட்டில் பிழை' என்று எழுதினால் ஏதோ வரைபடத்தைப் பற்றிச் சொல்வதாக ஆகிவிடும்.

அப்புறம் சந்தி. 'அதை' என்ற சொல் உரைநடையில் அதைக், அதைச், அதைத், அதைப் என்று நான்கு கூடுதல் வேடங்களில் வரும். இரண்டாம் வேற்றுமை ஏற்ற ஒவ்வொரு பெயருக்கும் இதே கதை. வெறும் சொற்பட்டியலை வைத்து எழுத்துப்பிழை பார்க்கலாம் என்று கிளம்பினால் பட்டியல் ஐந்து மடங்காகிறது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்காகத்தான்' என்று சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறோம். போ, கொள், இரு என்று மூன்று வினைகள், காலம், எச்சம், பால், பன்மை, வேற்றுமை, 'ஆக', 'தான்' எல்லாம் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இதையே இன்னொருவர் 'போய்க் கொண்டிருந்தவர்களுக்காகத் தான்' என்று மூன்றாகப் பிரித்து எழுதுவார். இரண்டு எழுத்துமுறையும் புழக்கத்தில் உண்டு. ஆகவே தமிழில் 'ஒரு சொல்' என்று எண்ணுவதே கொஞ்சம் வழுக்கலான காரியம்.

இந்தத் தலைவலி தமிழுக்கு மட்டும் வந்ததில்லை. பின்னிஷ் மொழியும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டே போகும். கிம்மோ கோஸ்கென்னியெமி என்ற பின்லாந்து ஆய்வாளர் 1983-இல் இரட்டை மட்ட உருபனியல் என்ற முறையை முன்வைத்தார். உருபனியல் என்பது ஒரு சொல் எந்தக் கூறுகளால் ஆனது என்று பார்ப்பது. அடியில் இருக்கும் வடிவம் ஒரு மட்டம், கண்ணுக்குத் தெரியும் எழுத்து இன்னொரு மட்டம், இரண்டுக்கும் நடுவே விதிகள். ஒரே இயந்திரத்தை முன்னோக்கி ஓட்டினால் சொல்லை உருவாக்கும். பின்னோக்கி ஓட்டினால் பிரித்துக் காட்டும். ஹங்கேரிக்காரர் லாஸ்லோ நேமெத் உருவாக்கிய ஹன்ஸ்பெல் இன்னும் எளிமையானது. ஒரு கோப்பில் வேர்ச்சொற்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கொடி, அதாவது அடையாளக் குறி. இன்னொரு கோப்பில் எந்தக் கொடிக்கு எந்த விகுதிகள் ஒட்டும் என்ற விதிகள். லிபர்ஆபிஸ், பயர்பாக்ஸ், குரோம் எல்லாவற்றிலும் எழுத்துப்பிழை பார்ப்பது இதுதான். ஒட்டுநிலை மொழிகளை மனத்தில் வைத்து, இரண்டு அடுக்கு விகுதிகளை உரித்துப் பார்க்க அது வழிசெய்தது. தமிழுக்கு இரண்டு அடுக்கு போதாது என்பது மேலே பார்த்த நீளச்சொல்லிலேயே தெரியும்.

தமிழில் இந்தத் திசையில் நடந்த வேலைகளில் இரண்டைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி பிழைதிருத்தி, சொற்பட்டியலை மட்டும் நம்பாமல் வேர், விகுதி, சந்தி என்று பிரித்துப் பார்க்கிறது. பத்திரிகைகளிலும் பதிப்பகங்களிலும் பிழை பார்ப்பவர்கள் உண்மையாகவே பயன்படுத்தும் கருவி அது. இன்னொன்று, இலங்கை ஆய்வாளர் க. சர்வேஸ்வரன், கிகான் டயஸ், மிரியம் பட் ஆகியோரோடு சேர்ந்து 2021-இல் வெளியிட்ட தமிழிமார்ஃப். கோஸ்கென்னியெமி வழிவந்த முறையில் அமைந்த உருபனியல் பகுப்பி இது. திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து மேலே கட்டலாம் என்பதால் இதற்கு மதிப்புக் கூடுதல்.

எதை முதலில் அடுக்குவது

அகரவரிசை என்பது அகராதியின் உயிர். கணினியில் அதுவே முதல் இடறல். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு, தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது, இந்திய மொழிகளுக்கான பழைய இஸ்கி குறியீட்டைப் பின்பற்றியது. எல்லா இந்திய எழுத்துகளும் ஒரே வார்ப்பில் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். அதனால் 'ந'-வுக்கு அடுத்து 'ன', 'ர'-வுக்கு அடுத்து 'ற' வந்து உட்கார்ந்துகொண்டன. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் 'ஜ' நுழைந்தது. நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்த வரிசையோ ய ர ல வ ழ ள ற ன என்று முடிவது. புள்ளிக்குக் கொடுத்த எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிற்பட்டது என்பதால், எண் வரிசைப்படி அடுக்கினால் க், கௌ-வுக்குப் பின்னால் போய்விடும்; அகராதியில் க்-தான் முதலில் வரவேண்டும். யூனிகோடு அமைப்பே தமிழுக்கென்று தனி வரிசை விதியைக் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் அப்படியே அடுக்கிய மின்னகராதிகளை இன்றும் பார்க்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து உள்ளே வேறாக இருக்கும் தொல்லையும் உண்டு. 'கொ' என்பதை ஒற்றை ஒகரக் குறியோடும் அடிக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் அடிக்கலாம். ஔகாரத்துக்குப் பதில் 'ஒ' அடித்துப் பக்கத்தில் ஒரு 'ள' போட்டிருப்பார்கள். தேடினால் பாதி கிடைக்கும், மீதி கிடைக்காது. முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. இது சின்ன வேலைதான், பலர் செய்வதில்லை.

பொருளால் கோத்த சொற்கள்

அகரவரிசை வருவதற்கு முன்னால் தமிழர் சொற்களை வேறு விதமாக அடுக்கினார்கள். திவாகர நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கு, மரம், இடம் என்று உலகத்தைப் பகுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பெயர்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்க்கிறது. பதினோராம் தொகுதி ஒருசொல் பல்பொருளுக்கு. பன்னிரண்டாம் தொகுதி கூட்டமாக வரும் பொருள்களுக்கு. செய்யுளாக இருப்பதால் மனப்பாடம் செய்யலாம். சதுரகராதி என்ற பெயரிலேயே நான்கு அகராதிகள் உள்ளே இருக்கின்றன என்ற தகவல் உண்டு: பெயர், பொருள், தொகை, தொடை. சொல்லிலிருந்து பொருளுக்குப் போக ஒன்று, பொருளிலிருந்து சொல்லுக்கு வர ஒன்று, கூட்டப்பெயர்களுக்கு ஒன்று, எதுகைக்கு ஒன்று. தரவுத்தளம் வடிவமைப்பவர் இன்று நான்கு அட்டவணைகள் போட்டு அவற்றை இணைப்பது கிட்டத்தட்ட இதே வேலை. இதை வைத்து 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று தொடங்கிவிட வேண்டாம். நிகண்டு புலவருக்குச் செய்யுள் எழுத உதவியது. எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று முறையாக வரையறுக்கும் தேவை அதற்கு இல்லை.

அந்தத் தேவையோடு வந்தது வேர்ட்நெட். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1985-இல் தொடங்கினார். மனித மூளை சொற்களை எப்படிச் சேமித்து வைத்திருக்கிறது என்ற கேள்வியிலிருந்து பிறந்த திட்டம் அது. மொழிக்கணிமைக்கு அடித்தளமாக மாறும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அதன் அலகு சொல் இல்லை, பொருள். ஒரே பொருள் தரும் சொற்களை ஒரு கூட்டாகக் கட்டி, அந்தக் கூட்டுகளை ஒன்றோடொன்று இணைப்பார்கள். சூரியன், கதிரவன், பகலவன், ஞாயிறு ஆகியவை ஒரு கூட்டு. ஞாயிறு என்ற சொல் கிழமைப் பெயராக இன்னொரு கூட்டிலும் நிற்கும். கதிரவன் ஒரு விண்மீன், விண்மீன் ஒரு வான்பொருள் என்று மேல்நோக்கி ஏணி போகும். வேர்ட்நெட் 3.0 பதிப்பில் சுமார் 1,17,000 பொருட்கூட்டுகள்.

தமிழ் வேர்ட்நெட் என்றால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் பிறகு கோவையிலும் பணியாற்றிய ச. இராசேந்திரனின் பெயர்தான் முதலில் வரும். அவர் 2001-இல் தற்காலத் தமிழ்ச் சொற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். பொருள் அடிப்படையில் தமிழ்ச் சொற்களைப் பகுத்து அடுக்கிய பெரிய முயற்சி. பின்னர் மும்பை ஐஐடியில் புஷ்பக் பட்டாச்சார்யா தலைமையில் உருவான இந்தி வேர்ட்நெட்டை மையமாக வைத்து இந்திய மொழிகளை இணைக்கும் இந்தோவேர்ட்நெட் வந்தபோது தமிழும் அதில் சேர்ந்தது. தமிழுக்குச் சுமார் 25,000 கூட்டுகள் அங்கே இருக்கின்றன.

இங்கே ஒரு வடிவமைப்பு முடிவின் விளைவைப் பார்க்க வேண்டும். ஒரு மொழியின் வேர்ட்நெட்டை உருவாக்க இரண்டு வழிகள். அந்த மொழிக்குள்ளிருந்தே கட்டி, பிறகு பிற மொழிகளோடு இணைக்கலாம். அல்லது ஏற்கெனவே இருக்கும் ஒரு மொழியின் கூட்டுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நம் மொழியில் என்ன சொல் என்று நிரப்பிக்கொண்டே போகலாம். இரண்டாவது வழி வேகமானது. மொழிபெயர்ப்புக் கருவிக்கு உடனே உதவும். இந்தோவேர்ட்நெட் போனது அந்த வழியில். ஆனால் மூல மொழியில் இல்லாத பொருளுக்கு அங்கே அறையே இருக்காது. முறைப்பெண், முறைமாமன், தாய்மாமன் சீர் என்று ஒரு உறவுமுறையே அடுக்கடுக்காக நம்மிடம் உண்டு. வடக்கத்தி மொழியிலிருந்து இறங்கி வரும் பட்டியலில் இவற்றுக்கு இடம் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். உள்ளிருந்து கட்டும் முதல் வழிதான் தமிழுக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. இராசேந்திரனின் களஞ்சியம் அப்படி ஒரு தொடக்கம். அதை முழுத் தரவாக வளர்க்கப் போதிய கையும் காசும் சேரவில்லை.

வட்டாரம் என்று வந்தால் சிக்கல் இன்னும் ஒரு சுற்று. சென்னையில் பேசினான் என்றால் பேசினான். யாழ்ப்பாணத்தில் 'பேசினார்' என்றால் திட்டினார் என்று பொருள். சும்மா பேசியதைக் கதைத்தார் என்பார்கள். ரெலிபோன், லொறி, ரொறன்ரோ என்று ஈழத்து எழுத்துமுறையும் வேறு. தமிழ்நாட்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்ட பிழைதிருத்தி இவற்றை எல்லாம் தவறென்று கோடு போடும். சொல்லோடு 'எங்கே' என்ற புலமும் சேர்ந்தால்தான் தீர்வு.

பழைய பாட்டில் கிடைத்தது

உச்சரிப்பைப் பற்றித் தமிழ் அகராதிகள் பெரும்பாலும் கவலைப்பட்டதில்லை. எழுதியபடி படித்தால் போதும் என்பது பெருமை. தமிழ்ச் சொற்களுக்கு அது பெரும்பாலும் சரி. முதலில் வரும் பகரம் வல்லோசை, மெல்லெழுத்தை அடுத்து வந்தால் மென்மையாகும், விதி எழுதிவிடலாம். கடன்சொற்களில் விதி உடைகிறது. 'பழைய பாட்டில் கிடைத்தது' என்ற வரியைக் கணினி வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஏதோ ஒரு பாடலில் ஒரு செய்தி கிடைத்ததா, கண்ணாடிக் குப்பி கிடைத்ததா? பொருளும் வேறு, முதல் எழுத்தின் ஒலியும் வேறு. பல்லும் பஸ்ஸும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஒரே ஒலியில் இல்லை. ஆங்கிலத்துக்குக் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1,30,000-க்கும் மேற்பட்ட சொற்களுக்கு உச்சரிப்பு எழுதி இலவசமாக வைத்திருக்கிறது. பேச்சுக் கருவிகள் அதன்மேல் வளர்ந்தன. தமிழுக்குக் கடன்சொற்களுக்கும் ஆள்பெயர் ஊர்ப்பெயருக்கும் மட்டும் இப்படி ஒரு பட்டியல் இருந்தால், வண்டியில் வழிசொல்லும் குரல் ஊர்ப்பெயரைக் கடித்துத் துப்புவது பாதியாகக் குறையும்.

எண்ணிக்கையும் உரிமமும்

யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணைய அகராதியான தமிழ் விக்சனரி 2004-இல் தொடங்கியது. தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பு கிடைத்து, தானியங்கி நிரல் வழியே பதிவேறியபோது அதன் எண்ணிக்கை எகிறியது. இப்போது மூன்றரை லட்சத்துக்கும் மேல் பதிவுகள். உலக விக்சனரிகளில் தமிழ் முன்வரிசையில் நின்ற காலமும் உண்டு. உள்ளே போய்ப் பார்த்தால் கணிசமான பகுதி ஆங்கிலத் தலைச்சொல்லும் அதற்கு நேரான துறைச் சொல்லுமாக இருக்கும். மொழிபெயர்ப்பவருக்கு அது மிகப் பயனுள்ள களஞ்சியம், சந்தேகமே இல்லை. தமிழ்ச் சொல்லின் வகை, உருபு ஏற்கும் முறை, பொருள் பிரிவு, எடுத்துக்காட்டு என்று தேடினால் அதிகம் தேறாது. தமிழக அரசின் சொற்குவை திட்டமும் லட்சக்கணக்கில் கலைச்சொற்களைத் திரட்டுகிறது. ஒரே கருவிக்கு உலாவி, உலவி, மேலோடி என்று மூன்று சொற்கள் இருந்தால், எது புழக்கத்தில் இருக்கிறது, எது யாரோ ஒருவர் ஆசைப்பட்டு ஆக்கியது என்று சொல்லும் தகவல் சொல்லைவிட முக்கியம். அந்தத் தகவல் எண்ணிப் பார்த்தால்தான் வரும். எண்ண வேண்டுமானால் பெரிய அளவில் உரைத்தொகுப்பு வேண்டும். அதை வேர்ச்சொல்லாகப் பிரிக்க மேலே சொன்ன பகுப்பி வேண்டும்.

வேர்ட்நெட் உலகம் முழுக்கப் பரவியதற்கு அதன் உள்ளடக்கம் மட்டும் காரணமில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பிரின்ஸ்டன் சொல்லிவிட்டது. அதன்பின் வந்த ஐரோப்பிய மொழிகளுக்கான யூரோவேர்ட்நெட் அறிவியல் ரீதியில் சிறந்த திட்டம். ஆனால் தரவுக்குக் கட்டணம் இருந்தது. எது அதிகம் பேர் கையில் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்தில் 1997-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் இணைய மாநாடுகள் முதல் எத்தனையோ கருத்தரங்குகளில் உருபனியல் பகுப்பி, சொல்வலை, மின்னகராதி என்று கட்டுரைகள் வாசிக்கப்பட்டிருக்கின்றன. கட்டுரை கிடைக்கும். தரவைக் கேட்டால் கிடைக்காது, அல்லது அந்தத் தளமே இப்போது திறக்காது. அடுத்து வருபவர் மறுபடியும் 'மரம், மரத்தை' என்றே ஆரம்பிக்கிறார். பொதுப்பணத்தில் உருவான சொல்தரவு பொதுவில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் புரட்சி எதுவும் இல்லை.

தொடரியல் குறித்த தரவையும் பாருங்கள். உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே முறையில் வாக்கியங்களைப் பகுத்து வைக்கும் பொதுச் சார்பிலக்கணத் திட்டத்தில் தமிழின் முதல் தொகுப்பு 600 வாக்கியங்கள் கொண்டது. அதைத் தயாரித்தவர்கள் லோகநாதன் ராமசாமியும் ஸ்டெனெக் ஜாபோக்ர்ட்ஸ்கியும். வேலை நடந்த ஊர், செக் குடியரசின் பிராக்.

மாதிரிகள் வந்த பிறகும்

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள் சரளமாகத் தமிழ் எழுதும் காலத்தில் அகராதி எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2013-இல் வேர்ட்2வெக் என்ற முறை வந்தபோதே சொல்லின் பொருளை அகராதியில் தேடாமல், அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கொண்டு எண்களாக்கிவிடலாம் என்று காட்டினார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அந்த முறையில் வெற்றியும் தோல்வியும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டும் தேர்தல், போட்டி, கட்சி என்று ஒரே சூழலில் வருகின்றனவே. எதிர்ச்சொல் என்ற உறவு அகராதியில் எழுதியிருக்கும், எண்ணில் மங்கிவிடும். தமிழில் ஒரு வினைக்கு ஆயிரக்கணக்கில் வடிவங்கள் என்பதால், பல வடிவங்கள் எவ்வளவு பெரிய உரைத்தொகுப்பிலும் ஒன்றிரண்டு முறைதான் தென்படும். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கப் புழக்கத்தில் உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆகின்றன. ஆங்கிலத்தை அதிகம் பார்த்து வளர்ந்த மாதிரி தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கிப் படிக்கிறது. அந்தத் துண்டுகளுக்கும் வேர், விகுதி என்ற எல்லைகளுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அடிக்கடி வரும் சொற்களில் இது வெளியே தெரியாது. அபூர்வமான ஒரு விவசாயச் சொல்லையோ சங்கச் சொல்லையோ கேட்டால் மாதிரி தயங்காமல் ஒரு பொருளைச் சொல்லும், சரியா தப்பா என்று அதற்கே தெரியாமல். அதைச் சோதிக்க ஒரு நம்பகமான பட்டியல் வெளியே இருந்தாக வேண்டும்.

இப்போதைக்கு நம்பிக்கை தரும் இடம், விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தின் 'சொல்லன்கள்' பகுதி. 2018 மே மாதம் தொடங்கிய பகுதி அது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடையாள எண். அதற்குக் கீழே இலக்கண வகை, வடிவங்கள், ஒவ்வொரு வடிவத்துக்கும் வேற்றுமை எண் காலம் போன்ற குறிப்புகள், தனியாகப் பொருள்கள். ஆறு என்ற நதிக்கும் ஆறு என்ற எண்ணுக்கும் தனித்தனிப் பதிவு போட்டு ஆற்றில், ஆறில் என்று வடிவங்களைக் கொடுக்கலாம். உரிமக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. நிரல் தெரியாதவரும் உலாவியிலேயே சேர்க்கலாம். பேரகராதியில் இருக்கும் வினை வகை எண்களை மட்டும் சரிபார்த்து அங்கே கொண்டுபோனால்கூடப் பல ஆண்டு உழைப்பு மிச்சமாகும்.

அப்படிச் சேர்த்தாலும் தொடப்படாமல் கிடக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. கைபேசியில் இன்று தமிழர்கள் அடிப்பதில் பெரும்பங்கு வந்துட்டான், போறேன், பண்ணிக்கலாம், இருக்குல்ல என்ற தமிழ்தான். அதிலும் பாதி ஆங்கில எழுத்தில். க்ரியா பேச்சு வழக்கிலிருந்து எழுத்துக்கு வந்த சொற்களைச் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். 'வந்துட்டான்' என்பது 'வந்துவிட்டான்', அதன் வேர் 'வா' என்று இணைத்துக் காட்டும் முழுமையான திறந்த தரவு எதையும் நான் பார்க்கவில்லை. மதுரைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று, மட்டக்களப்புக்கு ஒன்று என்று வடிவங்கள் மாறும் என்பதால் இதை ஒருவர் உட்கார்ந்து எழுதி முடிக்கவும் முடியாது. அந்தந்த ஊர்க்காரர்கள்தான் எழுத வேண்டும்.